எட்டு வாரம் வீட்டில் சொல்லக் கூடாதாமே!

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் டாலஸ் பக்கத்தில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். சொந்த ஊர் கரூர். மூத்த மகன் இந்த ஆகஸ்டில் டெக்சாஸிலேயே ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறான். காரில் போனால் மூன்று மணி நேரம். போன வாரம் போன் பண்ணி, "அம்மா, எனக்கு ஃபிரடெர்னிட்டியிலிருந்து பிட் வந்திருக்கு, ஒண்ணை எடுத்துக்கப் போறேன்" என்றான். ஃபிரடெர்னிட்டி என்றால் மாணவர்களே நடத்தும் சங்கமாம், பிட் என்றால் அதில் சேரச் சொல்லும் அழைப்பாம். ஒன்று, வாசலில் வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடு உள்ள பழைய அமைப்பு. அவன் ரூம்மேட் அதில் சேர்கிறான். இன்னொன்று நம் இந்தியப் பையன்கள் நடத்துவது. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கென்று உள்ள மூன்றாவது ஒன்றும் கூப்பிட்டிருக்கிறது, அதில் இவனுக்கு அவ்வளவு ஆர்வமில்லை. என் கணவர், "குடிக்கிற கூட்டம், வேண்டவே வேண்டாம்" என்கிறார். எனக்கு, சேர்வதென்றால் நம்ம பையன்கள் இருக்கிற இடத்திலாவது சேரட்டும், பத்திரமாக இருப்பான் என்று தோன்றுகிறது. ஒன்றுதான் உறுத்துகிறது. சேர்ந்த பிறகு எட்டு வாரம் 'பிராசஸ்' என்று ஏதோ நடக்குமாம், அதைப் பற்றி வீட்டில் எதுவும் சொல்லக் கூடாதாம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இங்கே காலேஜ் படிக்காத எங்களுக்கு இதில் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. எதை எடுக்கச் சொல்வது?

பெயர் வேண்டாம், ஃப்ரிஸ்கோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் 'ஒன்றுதான் உறுத்துகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். எந்த வீடு, எந்தப் பையன்கள், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ரஷ், அதாவது ஃபிரடெர்னிட்டிகள் ஆள் சேர்க்கும் காலம், முடிந்து ஒரு மாதம் கழித்து என் அறைக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. ஒரு ஃபிரடெர்னிட்டியின் குணம் பிட் கொடுக்கும் நாளில் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் கை குலுக்குவார்கள், எல்லோரும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், எல்லோரும் பீட்சா வாங்கித் தருவார்கள். பிட்டை ஏற்றுக்கொண்ட நாளுக்கும் முழு உறுப்பினராக்கும் நாளுக்கும் நடுவில் உங்கள் பையனை என்ன செய்கிறார்கள், அதை அவன் வெளியே சொல்லலாமா கூடாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் கணவருக்கும் சேர்த்துக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும் பழக்கம் 1776-இல் வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பாவோடு தொடங்கியது. அது இன்று நன்றாகப் படிப்பவர்களுக்கான கௌரவச் சங்கம், அதற்கும் பார்ட்டிக்கும் சம்பந்தமில்லை. நாம் பேசுகிற வகை 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் முளைத்தது. வெள்ளை இனக் கிறிஸ்தவப் பையன்களுக்கு மட்டும் என்று நெடுங்காலம் விதியாகவே எழுதி வைத்திருந்த அமைப்புகள் பல. கதவு திறக்காததால் யூத மாணவர்கள் தங்களுக்கென்று தொடங்கிக்கொண்டார்கள். 1906-இல் கார்னெலில் கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்துவிட்ட பிறகு வந்த நம்மவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனது 1990-களில். அப்போதுதான் தெற்காசிய ஃபிரடெர்னிட்டிகள் வரிசையாக வந்தன: 1994-இல் பிங்கம்டனில் அயோட்டா நூ டெல்டா, 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998-இல் உங்கள் டெக்சாஸிலேயே ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை, 1999-இல் லாஸ் ஏஞ்சலஸில் பீட்டா கை தீட்டா. ஆகவே உங்கள் மகனுக்கு அழைப்பு அனுப்பியவர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்ல. நமக்கு இடமில்லாத ஊரில் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நினைத்த பிள்ளைகளின் வாரிசுகள்.

அந்த ஆசை உண்மையானது. அதைக் 'குடிக்கிற கூட்டம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள். நாற்பது ஐம்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் முதல் மாதம் எப்படி இருக்கும் தெரியுமா? டைனிங் ஹாலில் தட்டோடு நின்று எந்த மேசையில் உட்காருவது என்று தெரியாமல், போனைப் பார்ப்பதுபோல நடித்துவிட்டுத் தட்டோடு அறைக்குப் போய்விடும் பிள்ளைகள் ஏராளம். நல்ல ஃபிரடெர்னிட்டி அந்தப் பிள்ளைக்கு உட்கார ஒரு மேசை தருகிறது. சில வருடம் முன்பு எனக்குத் தெரிந்த ஒரு பையனின் அப்பாவுக்கு ஹூஸ்டனில் பக்கவாதம் வந்துவிட்டது. செய்தி வந்தது ராத்திரி ஒரு மணிக்கு. அவன் சேர்ந்திருந்த அமைப்பின் பையன்கள் இருவர் அந்த நேரத்திலேயே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவன் மூன்று ராத்திரி ஐ.சி.யூ. வாசல் நாற்காலியிலேயே தூங்கினான். இன்னொருவன் காலை எட்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, "மேடம், அவனோட ஐந்து புரொஃபசர்களுக்கும் நீங்க ஒரு மெயில் அனுப்பணும், லிஸ்ட் இதோ" என்று தாளை நீட்டினான். அப்படிப்பட்ட நட்பு உங்கள் பிள்ளைக்குக் கிடைக்குமென்றால் நான் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்?

ஆனால் நம்ம பையன்கள் இருக்கிறார்கள், அதனால் பத்திரம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கு தப்பு. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் பரூக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவரை, ஆசிய அமெரிக்கப் பையன்கள் நடத்திய ஒரு ஃபிரடெர்னிட்டி பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனது. உறைபனிக் குளிரில் கண்ணைக் கட்டி, மணல் நிரப்பிய பையை முதுகில் மாட்டி நடக்கவிட்டு, மாறி மாறி வந்து மோதிக் கீழே தள்ளினார்கள். அமெரிக்காவில் ஆசியர்கள் பட்ட பாட்டை உணர வைக்கும் சடங்கு என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். பையன் நினைவிழந்து விழுந்த பிறகும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை, உடையை மாற்றினார்கள், இணையத்தில் அறிகுறிகளைத் தேடிப் பார்த்தார்கள். அவர் பிழைக்கவில்லை. 2018-இல் நீதிமன்றம் அந்த அமைப்பைப் பென்சில்வேனியாவில் பத்து வருடம் இயங்கக் கூடாது என்று தடை செய்தது. அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் போன்ற முகம் கொண்டவர்கள், அவருடைய அம்மா சமைப்பது போன்ற சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நம்ம ஆள் என்பதால் நீங்கள் கேட்காமல் விட்டுவிடக்கூடிய கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டே ஆக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்பவர்களை இப்படி வதைப்பதற்கு இங்கே ஹேசிங் என்று பேர். நம் ஊர் ஆட்கள் உடனே, 'ஓ, ராகிங்கா' என்று கேட்பார்கள். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசுவைக் கொன்றது நம் தலைமுறைக்கு மறக்காது. அடுத்த வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ராகிங், கல்லூரிக்குள் நுழைந்த எல்லோர் மேலும் விழுவது. பாதிக்கப்பட்டவன் ஓடி ஒளிவான், வீட்டுக்கு போன் பண்ணி அழுவான். ஹேசிங்கில் பையன் தானாகவே போய் நிற்கிறான். எட்டு வாரம் தாங்கினால் இவர்களில் ஒருவனாகிவிடலாம் என்று நம்பி நிற்கிறான். அதனால் வீட்டுக்கு போன் வராது. போன் வந்தாலும் குரலில் உற்சாகம் இருக்கும்.

போன வருடம் அக்டோபரில் என் அறைக்கு வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். கணக்குப் பாடத்தில் முதல் தேர்வில் தொண்ணூறு, இரண்டாவதில் நாற்பத்தொன்று. அதனால் பேராசிரியர் அனுப்பி வைத்தார். உட்கார்ந்தவன் முதுகைச் சாய்க்கவில்லை, நாற்காலி விளிம்பிலேயே இருந்தான். மடியில் ஒரு சின்ன ஜிப் பை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை போன் அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும், "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டு எதையோ டைப் செய்தான். "பையில என்னப்பா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்து காட்டினான். சூயிங் கம், லைட்டர், ஒரு பாக்கெட் சிகரெட், பேனா, ஒரு டாலர் சில்லறை. அவனுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது. மூத்தவர்கள் யார் எங்கே கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். பை இல்லாமல் பிடிபட்டால் அவன் கூடச் சேர்ந்த எல்லோருக்கும் தண்டனை. என்ன தண்டனை என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மேடம், சும்மா ஃபன்தான்" என்றான். கண்ணுக்குக் கீழே கருவளையம். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்றேன். பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அதிர்ந்தது, எழுந்து நின்றுவிட்டான்.

அந்த, 'சும்மா ஃபன்தான்' என்ற வார்த்தையை வீட்டில் நீங்களும் கேட்க நேரிடலாம். அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இப்போது உங்கள் எட்டு வாரத்துக்கு வருகிறேன். ரகசியம் இரண்டு வகை. எல்லா ஃபிரடெர்னிட்டிக்கும் சடங்கு ரகசியம் உண்டு. இனிஷியேஷன் என்று முழு உறுப்பினராக்கும் அன்றைக்கு என்ன மந்திரம் சொல்கிறார்கள், கை குலுக்கும் முறை என்ன, எழுத்துகளுக்கு உள்ளர்த்தம் என்ன என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லை, அது அவர்கள் குலசாமி விஷயம் மாதிரி. தெற்காசிய அமைப்புகளிலும் கறுப்பினத்தவர் அமைப்புகளிலும் புதியவர்களை 'லைன்' என்று ஒரு வரிசையாகச் சேர்த்து, முடிவில் 'கிராஸ்' ஆன, அதாவது முழு உறுப்பினரான பிறகு, எல்லோர் முன்னாலும் ஒரே உடையில் நிறுத்தி வரலாறு சொல்ல வைத்து அறிமுகம் செய்வார்கள். அதுவரை யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்பதை வெளியே சொல்வதில்லை. பார்க்க அழகான நிகழ்ச்சி. நான் பலமுறை பெற்றோரோடு போய்க் கை தட்டியிருக்கிறேன். இந்த அளவு ரகசியத்தை நீங்கள் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகை, ராத்திரி எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், எத்தனை மணிக்குத் திரும்பினாய், என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்பது. இதைக் கேட்கும் அமைப்புக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அது நம்ம பையன்கள் நடத்தினாலும் சரி, நூறு வருடப் பாரம்பரியம் என்றாலும் சரி. உங்கள் மகன் சொன்னது எந்த வகை என்று எனக்குக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அவனும் அரைகுறையாகக் கேட்டிருக்கலாம். அதனால் அந்த அமைப்புக்கு அவன் பல்கலைக்கழகத்தில் உள்ள கிளையின் தலைவரிடம் அவனே நேராகக் கேட்கட்டும்: "புது உறுப்பினர்களுக்கான எட்டு வார அட்டவணையை எழுத்தில் கொடுக்க முடியுமா? அதை என் வீட்டில் காட்டலாமா?" ஒழுங்காக நடக்கும் கிளையில் இந்த அட்டவணை ஏற்கெனவே தயாராக இருக்கும். தலைமையகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்திருப்பார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார். மழுப்பினால், 'எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா' என்று கேட்டால், உங்கள் தேர்வு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதையும் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்சாஸ் சட்டப்படி, 'அவன் சம்மதித்துத்தான் செய்தான்' என்பது ஹேசிங் வழக்கில் தற்காப்பு ஆகாது. ஹேசிங் நடப்பதை நேரடியாகத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருப்பதும் குற்றம். அதாவது வாய் திறக்காதே என்று புதியவனிடம் சொல்பவர்கள், அவனையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடுகிறார்கள். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, எந்த அமைப்பு ஹேசிங்குக்காகத் தண்டிக்கப்பட்டது என்ற அறிக்கையைப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கடந்த மூன்று வருட விவரம் அதில் இருக்கும். 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டமும் வந்துவிட்டது. இன்று சாயங்காலமே பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'ஹேசிங் ரிப்போர்ட்' என்று போட்டுத் தேடுங்கள். மூன்று அமைப்புகளின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், என்ன செய்தார்கள் என்பதை வரி வரியாகப் படியுங்கள். கூடவே, பல்கலைக்கழகம் அங்கீகரித்த அமைப்புகளின் பட்டியலையும் பாருங்கள். தடை செய்யப்பட்ட கிளைகள் சில, பேரை லேசாக மாற்றிக்கொண்டு வெளியே வீடு எடுத்து நடத்துவதுண்டு. பட்டியலில் பேர் இல்லையென்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

வெள்ளைத் தூண் வீட்டைப் பற்றி. உங்கள் கணவருக்கு இருக்கும் பயம் இங்கேதான் அதிகம் பொருந்தும். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டிமதி பியாட்சா என்ற 19 வயது இன்ஜினீயரிங் மாணவர், பிட்டை ஏற்றுக்கொண்ட ராத்திரியே அளவுக்கு மீறிக் குடிக்க வைக்கப்பட்டு, பேஸ்மென்ட் படிக்கட்டில் விழுந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆனது. அது மதுவே கிடையாது என்று அறிவிக்கப்பட்ட வீடு, உள்ளே கேமராக்களும் இருந்தன. நடந்ததெல்லாம் கேமராவில் பதிவாயிற்று, ஆனால் அத்தனை மணி நேரமும் யாரும் உதவிக்கு போன் பண்ணவில்லை. அவர் பிழைக்கவில்லை. அவர் பெயரில் அந்த மாநிலத்தில் 2018-இல் சட்டமே வந்தது. வீட்டின் வாசலில் எழுதியிருப்பதை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல.

குடியைப் பற்றி மகனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ரஷ் சமயத்தில் உனக்கு அங்கே குடிக்கக் கொடுத்தார்களா?" அவனுக்குப் பதினெட்டு வயது. இந்த நாட்டில் 21 வயதுக்குக் கீழே மது கூடாது. பெரும்பாலான தேசிய ஃபிரடெர்னிட்டிகளின் கூட்டமைப்பு, 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள கடும் மதுவை வீடுகளிலிருந்து 2019 செப்டம்பருக்குள் அகற்றச் சொன்னது. ஆளைச் சேர்க்கும் வாரத்தில், எல்லோரும் கவனிக்கும் நேரத்திலேயே, ஒரு கிளை பதினெட்டு வயதுப் பையனுக்கு விஸ்கி ஊற்றுகிறது என்றால், கதவு சாத்திய பிறகு எப்படி இருக்கும் என்று அவனே யோசித்துப் பார்க்கட்டும். ரூம்மேட் சேர்கிறான் என்பதற்காக மட்டும் சேர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நாலு வருடத்தில் ரூம்மேட் மாறிவிடுவான். இந்த வகை அமைப்பில் ஒன்றில் உறுப்பினராகிவிட்டால், பிறகு அதே வகையில் இன்னொன்றுக்கு மாற அநேகமாக முடியாது.

பெற்றோர் யாரும் பார்க்காத ஓர் ஆவணம் இருக்கிறது. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நிறைய பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு செமஸ்டரும் ஒவ்வொரு ஃபிரடெர்னிட்டியின் சராசரி ஜி.பி.ஏ.வை, அதாவது நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியை, வெளியிடுகின்றன. சில இடங்களில் பழைய உறுப்பினர்களுக்குத் தனியாகவும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தனியாகவும் கொடுப்பார்கள். புதியவர்களின் வரியைப் பாருங்கள். மூத்தவர்கள் 3.3, புதியவர்கள் 2.5 என்று இரண்டு மூன்று செமஸ்டர் தொடர்ந்து இருந்தால், அந்த எட்டு வாரத்தில் பிள்ளைகள் தூங்கவும் இல்லை, படிக்கவும் இல்லை என்று அர்த்தம். அந்த எண்களை அந்தக் கிளையின் எந்தப் பேச்சாளரும் பூசி மெழுக முடியாது. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கும் பையனுக்கு முதல் செமஸ்டர் ஜி.பி.ஏ. சரிந்தால் மேலே தூக்கி நிறுத்தப் படாத பாடு பட வேண்டியிருக்கும். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

பணத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டியூஸ் என்று உறுப்பினர் சந்தா ஒரு செமஸ்டருக்கு வாங்குவார்கள். வீடு இல்லாத தெற்காசிய, தொழில்சார் அமைப்புகளில் அது பொதுவாகச் சில நூறு டாலரோடு நிற்கும். பெரிய வீடுள்ள அமைப்பில் வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் போகும். இரண்டாம் வருடம் அந்த வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கலாம். இது தவிரப் புது உறுப்பினர் கட்டணம், டி-ஷர்ட், ஃபார்மல் விருந்து டிக்கெட், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் என்று சில்லறையாகப் போகும். ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

அவனுக்கு ஆர்வமில்லாத மூன்றாவதை நான் சுலபமாக விட்டுவிட மாட்டேன். தொழில்சார் ஃபிரடெர்னிட்டிகளில் ஆண், பெண் இருபாலரும் உண்டு. இன்ஜினீயரிங்குக்கான தீட்டா டௌ 1904-இல் மினசோட்டாவில் தொடங்கியது. சமூக சேவைக்கு ஆல்ஃபா ஃபை ஒமேகா, 1925-லிருந்து இருக்கிறது. உங்கள் மகனை அழைத்தது எது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இந்த வகை அமைப்புகளில் இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகள் ரெஸ்யூமே பார்த்துத் திருத்துவது, இன்டர்வியூவுக்குப் பழக்குவது எல்லாம் நடக்கும். பெண்களும் இருப்பதால் கூட்டத்தின் சூழலே வேறாக இருக்கும். இங்கேயும் ஹேசிங் நடந்து தண்டனை வாங்கிய கிளைகள் உண்டு, அதனால் அதே கேள்விகளை இங்கேயும் கேட்க வேண்டும். பொதுவாக, சமூக ஃபிரடெர்னிட்டி எனப்படும் முதல் இரண்டைப் போன்ற ஒன்றில் இருப்பவர் தொழில்சார் ஒன்றிலும் இருக்கலாம். ஆகவே ஒன்றை எடுத்தால் மற்றது போச்சு என்று அவசரப்பட வேண்டியதில்லை. அமைப்பே வேண்டாம் என்றாலும் நடனக் குழு, கிரிக்கெட், தமிழ் மாணவர் சங்கம் என்று உட்கார வேறு மேசைகளும் அங்கே உண்டு. இரண்டாம் வருடத்தில் நிதானமாகச் சேர்ந்து சந்தோஷமாக இருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், அட்டவணையை வீட்டில் காட்டச் சம்மதித்து, ஹேசிங் அறிக்கையில் பேர் இல்லாமல், புதியவர்களின் ஜி.பி.ஏ.வும் விழாமல் இருந்தால், இந்தியப் பையன்கள் நடத்தும் அமைப்பில் சேரட்டும் என்றுதான் சொல்வேன். உங்கள் பிள்ளை தேடுவது அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் இந்த செமஸ்டர் வேண்டாம். ஜனவரியில் மறுபடி ரஷ் வரும்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, சேர அப்பா கையெழுத்து தேவையில்லை. 'வேண்டவே வேண்டாம்' என்று கதவைச் சாத்தினால் அவன் நம்மிடம் சொல்லாமல் சேர்வான். வீட்டில் சொல்லாதே என்று அவர்கள் கேட்பதை, நாமே அவனுக்கு ஏற்பாடு செய்து கொடுத்ததாகிவிடும். ஏதாவது தப்பாக நடந்தாலும், 'அப்பா அப்பவே சொன்னாரே' என்ற வெட்கத்தில் போன் பண்ண மாட்டான். எனக்கு அதுதான் பெரிய பயம். அதனால் அப்பாவே போன் பண்ணட்டும். குற்றவாளியை விசாரிக்கிற குரல் வேண்டாம். "எந்தப் பசங்கடா உனக்குப் பிடிச்சுது? என்ன பேசுவாங்க? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாதிரி சாதாரண நாள்ல அந்த ஆளுங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்கட்டும். கேட்டால் பிள்ளைகள் பேசுவார்கள். போன வருடம் பட்டம் வாங்கிய இரண்டு பேரின் நம்பரை அந்தக் கிளையிடம் வாங்கி, 'சேர்ந்ததில் எதையாவது நினைத்து வருத்தப்பட்டீர்களா' என்று கேட்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போய்விட்டவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை கெடுவுக்காகப் பயப்பட வேண்டாம். "வீட்டில் பேச வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை வரை நேரம் கொடுங்கள்" என்று கேட்கலாம், பல இடங்களில் கொடுப்பார்கள். சேர்ந்த பிறகும் முழு உறுப்பினராகும் நாள் வரைக்கும் எந்தக் கணத்திலும் விலகலாம். கட்டிய பணம் திரும்பாமல் போகலாம், போனால் போகட்டும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கட்டிவிட்டோமே என்று கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பிள்ளைகள், அதிலும் நம் வீட்டுப் பிள்ளைகள், அதிகம். யாராவது குடித்துவிட்டு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்றால் உடனே 911. டெக்சாஸில் உதவிக்கு முதலில் கூப்பிடும் வயது குறைந்தவருக்கு, அவரும் குடித்திருந்தாலும், அதற்காக வழக்கு வராமல் 2011-லிருந்து சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இதை அவனிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள். போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் கூப்பிடாமல் விட்டுத்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

இன்னொரு ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மகள் கல்லூரிக்குப் போனபோது நான் செய்தது. மகனும் நீங்களும் ஒரு வாக்கியம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டி மாத்திரை போட்டாங்களா?" என்று அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தால், எத்தனை மணியானாலும் நீங்கள் உடனே அவனுக்கு போன் பண்ணி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட வேண்டும்: "இப்பவே கிளம்பி ரூமுக்குப் போ, வீட்டில் அவசரம்!" நண்பர்கள் முன்னால் அவன் முகமும் கெடாது, அங்கிருந்து வெளியே வரக் காரணமும் கிடைக்கும். என்ன ஏது என்று அன்றைக்குக் கேட்காதீர்கள், மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். எந்த வாக்கியம் என்பதை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முதலில் சிரிப்பான். சிரித்துவிட்டு ஏதாவது ஒன்று சொல்வான். அப்பாவும் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் தூங்கிப்போன ராத்திரியில் அந்த மெசேஜ் அவர் போனுக்கு வரலாம்.

அந்தக் கிளைத் தலைவர் அட்டவணையை அனுப்பினாரா, மழுப்பினாரா என்று திங்கட்கிழமை எனக்கு எழுதுங்கள். அட்டவணை வந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், எட்டு வாரத்தையும் உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.